எது குறுந்தொட்டி?

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல், தாவரவியல் துறை

இரட்டைப் பிள்ளைகளை ஊரார் பெயர் மாற்றி மாற்றி அழைப்பார்கள். பெற்றவளோ இருட்டில் குரலைக் கேட்டே இன்னார் என்று சொல்லிவிடுவாள். அவளுக்கென்று தனிக் கண்கள் ஏதும் இல்லை. நாள்தோறும் பார்க்கிறாள், பார்த்தாக வேண்டிய தேவையும் அவளுக்கு இருக்கிறது. செடிகொடிகளின் உலகிலும் இத்தகைய உடன்பிறப்புகள் உண்டு. அவற்றைப் பெயர் மாற்றி அழைப்பதில் நாம் ஊராரைப் போன்றவர்கள். 'இரண்டும் ஒன்றுதான், களைதானே' என்று சொல்லிவிட்டு நடந்துவிடுகிறோம்.

பேருந்து நிறுத்தத்திலிருந்து நம் கல்லூரி வாயில் வரை சாலையின் இருபுறமும் முழங்கால் உயரத்தில் ஒரு புதர்ச்செடி வளர்ந்து கிடப்பதை நண்பர்கள் பார்த்திருக்கலாம். நகத்தளவு மஞ்சள் பூ. பிடுங்கினால் எளிதில் வராத ஆணிவேர். ஒடித்தால் ஒடியாமல் நாராக உரியும் தண்டு. இதுதான் குறுந்தொட்டி. ஆனால் 'இதுதான்' என்று ஒருமையில் சொல்வது சரியா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

வகைப்பாட்டியல் செய்முறைக்காக நாங்கள் ஒவ்வொருவரும் உலர்தாவரத் தாள்கள் தயாரித்து ஒப்படைக்க வேண்டும். நண்பர்கள் பலர் அழகிய பூக்களை உடைய செடிகளைத் தேர்ந்தெடுத்தனர். நான் குறுந்தொட்டியை எடுத்துக்கொண்டேன். காரணம் என் அத்தை. பச்சைமலை அடிவாரத்தில் உள்ள எங்கள் ஊரில், அறுவடை இல்லாத நாட்களில் தரிசு நிலங்களிலும் ஏரிக்கரையிலும் குறுந்தொட்டி வேர் பிடுங்கி, கழுவி, காயவைத்து, கட்டுக் கட்டாக விற்பவர் அவர். எங்கள் வீட்டில் சில மாதங்கள் அடுப்பு எரிந்தது அந்த வேரினால்தான் என்றால் அது மிகையன்று.

குடும்ப அடையாளம்

குறுந்தொட்டி மால்வேசி குடும்பத்தைச் சேர்ந்தது. பருத்தி, வெண்டை, செம்பருத்தி, பூவரசு ஆகியவை இக்குடும்பத்தின் பெரிய மனிதர்கள். 1998இல் வகுக்கப்பட்ட புதிய வகைப்பாட்டு முறைக்குப் பின் இலவமரமும் இவர்களோடு சேர்க்கப்பட்டுவிட்டது. செம்பருத்திப் பூவின் நடுவில் மகரந்தத்தாள்கள் எல்லாம் ஒன்றாக இணைந்து ஒரு குழாயாக நிற்பதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். நகத்தளவே உள்ள குறுந்தொட்டிப் பூவிலும் அதே குழாய் இருக்கிறது. வெண்டைக்காயை நறுக்கும்போது கையில் ஒட்டும் வழவழப்பு, இலையின் மேல் விண்மீன் வடிவில் கிளைத்த தூவிகள் ஆகியவையும் இக்குடும்பத்தின் முத்திரைகள்.

வழியோரத்தில் காணும் இக்குடும்பத்துச் சிறு செடிகளைப் பிரிக்க முதற்படி, பூவின் அடியைத் திருப்பிப் பார்ப்பது. செம்பருத்தியில் பச்சைப் புல்லிவட்டத்துக்கு வெளியே இன்னொரு சிறு வட்டம் இருக்கும். அதுவே புறப்புல்லி வட்டம். குறுந்தொட்டியிலும் துத்தியிலும் அது கிடையாது. சிற்றாமுட்டி, பேராமுட்டி எனப்படும் பவோனியாக்களில் அது நூல் நூலாக இருக்கும். நம் கால்சட்டையில் ஒட்டிக்கொள்ளும் காயை உடைய ஒட்டத்துத்தியிலும் அது உண்டு. ஆக, ஒரு பூவைத் திருப்பிய மாத்திரத்தில் பாதிக் கூட்டம் விலகிவிடுகிறது.

அடுத்து, துத்தியைக் குறுந்தொட்டியிலிருந்து பிரிப்பது எளிது. துத்திக் காய் பணியாரம் போலவோ பல்சக்கரம் போலவோ வட்டமாக இருக்கும். அதனாலேயே அதற்குப் பணியாரத் துத்தி என்றும் பெயர். சிறு வயதில் அதை மையில் தோய்த்துத் தாளில் முத்திரை குத்தி விளையாடியிருக்கிறோம். அந்தக் காயில் 15 முதல் 20 வரை துண்டுகள் இருக்கும். பூவின் நடுவில் கருஞ்சிவப்புப் பொட்டும், தண்டில் ஒட்டும் நீண்ட மயிரும், 20க்கும் மேற்பட்ட துண்டுகளும் இருந்தால் அது துத்தியின் உடன்பிறப்பான அபூட்டிலான் ஹிர்ட்டம். நேரமும் ஓர் அடையாளமே. குறுந்தொட்டி முற்பகலில் விரிந்து பிற்பகலில் மூடிக்கொள்ளும். துத்தியோ மாலைப் பொழுதில்தான் விரியும்.

பெயர்க் குழப்பம்

இவ்வளவும் எளிது. உண்மையான தொல்லை குறுந்தொட்டிகளுக்குள்ளேயே தொடங்குகிறது. சைடா என்னும் பேரினத்தில் எங்கள் ஊர் எல்லைக்குள் மட்டும் நான் ஐந்து இனங்களைச் சேகரித்தேன். இலை கூர்மையாக இருப்பது சைடா அக்யூட்டா. சாய்சதுரமாக இருப்பது சைடா ராம்பிஃபோலியா. இதய வடிவில் வெல்வெட்டுத் துணி போலிருப்பது சைடா கார்டிஃபோலியா. தரையில் படர்வது சைடா கார்டேட்டா. இலைக்காம்பின் அடியில் முள் போன்ற சிறு முண்டு உடையது சைடா ஸ்பைனோசா. இவற்றுள் ராம்பிஃபோலியாவுக்கும் கார்டிஃபோலியாவுக்கும் லின்னேயஸ் 1753லேயே பெயர் சூட்டினார். அக்யூட்டா 1768இல் பர்மன் என்பவரால் பெயர் பெற்றது.

லத்தீன் பெயர்கள் இவ்வாறு தனித்தனியாக நிற்க, நம் ஊர்ப் பெயர்கள் கைகோத்துக்கொண்டு வருகின்றன. அக்யூட்டாவை அரிவாள்மனைப் பூண்டு, மலைதாங்கி, வட்டத்திருப்பி என்றெல்லாம் சொல்வர். வட்டத்திருப்பி என்ற பெயரோ இக்குடும்பத்தோடு எந்த உறவும் இல்லாத ஒரு கொடிக்கும் வழங்குகிறது. கார்டிஃபோலியாவை நிலத்துத்தி என்பார் உண்டு. மயிர்மாணிக்கம் என்பாரும் உண்டு. குறுந்தொட்டி என்ற பெயர் எல்லாவற்றின் மேலும் ஒரு குடைபோல விரிந்து நிற்கிறது.

மருத்துவ நூல்களை நாடினாலும் குழப்பம் தீர்வதில்லை. ஆயுர்வேதத்தில் 'பலா' எனப்படும் மூலிகை கார்டிஃபோலியாவின் வேர் என்பது இந்திய ஆயுர்வேத மருந்தியல் நூலின் முடிவு. கேரளத்து வைத்தியர்களோ ராம்பிஃபோலியாவைச் சார்ந்த ஒன்றையே குறுந்தோட்டி என்று கொண்டு வாத நோய்க்குத் தைலம் காய்ச்சி வருகின்றனர். 'குறுந்தோட்டிக்கும் வாதமோ' என்று மலையாளத்தில் ஒரு பழமொழியே உண்டு. நோயைத் தீர்க்க வேண்டியதற்கே அந்த நோய் வரலாமா என்பது பொருள். இவ்விரு மரபுகளில் ஒன்று மெய், மற்றது பொய் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் நெடுங்காலப் பழக்கம் உடையவை. ஆனால் ஒரே பெயரைச் சொல்லி இருவர் இரு வேறு செடிகளைக் கேட்கிறார்கள் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

இலையா, காயா?

பெயர் உதவாதபோது செடியைத்தான் கேட்க வேண்டும். முதலில் எல்லோரும் இலையைத்தான் பார்ப்போம். இலையோ இடத்துக்கு இடம் மாறும். நிழலில் வளர்ந்த அக்யூட்டாவின் இலை அகன்று நிற்கும். வெயிலில் காய்ந்த ராம்பிஃபோலியாவின் இலை குறுகிக் கூர்மையாகிவிடும். அப்போது இரண்டையும் அருகருகே வைத்தால் எவரும் தடுமாறுவர்.

எங்கள் பேராசிரியர் கையில் எடுத்துக் கொடுத்தது 10 மடங்கு பெரிதாக்கும் கைவில்லை ஒன்றும், காம்பிள் 1915இல் வெளியிடத் தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் ஃபிஷரால் 1936இல் நிறைவு செய்யப்பட்ட சென்னை மாகாணத் தாவர நூலும்தாம். "இலையைப் பார்த்து ஐயப்படு, காயைப் பார்த்து முடிவு செய்" என்பது அவர் சொன்ன அறிவுரை. அந்த அறிவுரையின் வழியே நான் கண்டவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

முதலில் இலைக்காம்பின் இருபுறமும் உள்ள இலையடிச் செதில்கள். அக்யூட்டாவில் இவ்விரண்டும் சமமாக இருப்பதில்லை. ஒன்று நூல் போல மெலிந்தும் மற்றது பட்டையாக நரம்புகளோடும் இருக்கும். ராம்பிஃபோலியாவில் இரண்டும் மெலிந்தே இருக்கும். அக்யூட்டாவின் இலைகள் தண்டின் இரு பக்கங்களில் மட்டும் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். ராம்பிஃபோலியாவின் இலை அடிப்பக்கம் ஆப்புப் போலக் குறுகி, அங்கே பற்கள் இல்லாமல், மேற்பாதியில் மட்டும் பற்களோடு இருக்கும். அதன் கீழ்ப்புறம் சாம்பல் பூசியது போல வெளுத்திருக்கும்.

பிறகு பூக்காம்பு. அக்யூட்டாவில் அது குட்டையானது. ராம்பிஃபோலியாவில் நீளமானது, அதில் பாதிக்கு மேலே ஒரு கணு தெரியும்.

இறுதியாகக் காய். குறுந்தொட்டிக் காய் முற்றியதும் ஆரஞ்சுச் சுளை போலத் துண்டு துண்டாகப் பிரியும். இத்துண்டுகளை எண்ணுவதே தலையாய சோதனை. அக்யூட்டாவில் 5 முதல் 8 வரை. ராம்பிஃபோலியாவில் 8 முதல் 12 வரை, பெரும்பாலும் 10. கார்டிஃபோலியாவில் ஏறக்குறைய 10. கார்டேட்டாவிலும் ஸ்பைனோசாவிலும் 5. இங்கே கூர்ந்து கவனித்தால், எண்கள் ஒன்றன் மேல் ஒன்று படிவது தெரியும். 8 துண்டுகள் உடைய ஒரு காய் அக்யூட்டாவுடையதாகவும் இருக்கலாம், ராம்பிஃபோலியாவுடையதாகவும் இருக்கலாம். ஆகவே ஒரு காயை எண்ணி முடிவு கட்டக் கூடாது. ஒரு செடியில் பத்துக் காய்களையாவது எண்ண வேண்டும். எண்ணிக்கையோடு ஒவ்வொரு துண்டின் தலையிலும் உள்ள கொம்புகளையும் பார்க்க வேண்டும். அக்யூட்டாவில் இரண்டு குட்டைக் கொம்புகள். கார்டிஃபோலியாவில் இரண்டு நீண்ட கொம்புகள் புல்லிவட்டத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் மேலுள்ள மயிர்கள் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் துணியிலும் ஆட்டு மயிரிலும் ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும்.

கார்டிஃபோலியா, கார்டேட்டா என்னும் இரு பெயர்களும் இதயத்தையே குறிக்கின்றன. இரண்டின் இலையும் இதய வடிவமே. ஆனால் ஒன்று நிமிர்ந்து நிற்பது, கொம்புடையது. மற்றது நூல் போன்ற தண்டோடு தரையில் தவழ்வது, நீண்ட கொம்புகள் இல்லாதது. பெயரை மனப்பாடம் செய்தவர் இங்கே திகைப்பார்; செடியைப் பார்த்தவர் திகைக்க மாட்டார்.

அத்தையின் விரல்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தை பிடுங்கி வந்த செடிகளைத் திண்ணையில் பரப்பி, கைவில்லையோடு ஒவ்வொரு காயாக எண்ணிக் குறித்துக்கொண்டிருந்தேன். நான் நான்காவது செடியில் இருந்தபோது அத்தை மளமளவென்று அத்தனையையும் மூன்று குவியல்களாகப் பிரித்து வைத்துவிட்டார்.

"எப்படி அத்தை பிரிச்சீங்க?" என்றேன்.

"தொட்டுப் பாரு தம்பி. இது பூனைக்குட்டி மாதிரி இருக்கும், மயிர்மாணிக்கம். இதுல காம்புக்கு அடியில நகத்தால தடவினா முண்டு தட்டும். மிச்சமெல்லாம் வெறும் இலைக் குறுந்தொட்டி. எங்க அம்மா காலத்துல மயிர்மாணிக்கத்தை மட்டுந்தான் பிடுங்குவோம்."

அன்று மாலை வரை உட்கார்ந்து எண்ணி முடித்தேன். அத்தையின் முதற் குவியல் முழுவதும் கார்டிஃபோலியா; ஒன்றுகூடத் தவறவில்லை. இரண்டாவது முழுவதும் ஸ்பைனோசா. 'வெறும் இலை' என்ற மூன்றாவது குவியலில் மட்டும் அக்யூட்டாவும் ராம்பிஃபோலியாவும் கலந்திருந்தன. இலையைத் திருப்பி வெளுப்பைக் காட்டினேன். சமமில்லாத செதில்களைக் காட்டினேன். அத்தை வில்லையை வாங்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "அட, ஆமா! இத்தனை வருசம் கையில இருந்தும் இது தெரியலையே" என்று சிரித்தார். மறுநாளிலிருந்து நான்கு குவியல்கள் ஆயின. வில்லை கேட்காமலே நான்காக்கினார்.

அத்தை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆனால் வகைப்பாட்டியல் என்பது உற்று நோக்குதல் என்றால், அந்தப் பாடத்தில் எங்கள் வகுப்பில் அவருக்கு இணை யாரும் இல்லை.

"அப்படியானால் விற்கும்போது ஏன் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டுகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"வாங்குறவருக்கு எடைதான் கணக்கு தம்பி. எது எதுன்னு ஒருநாளும் கேட்டதில்ல. தனித்தனியா கட்டினா எனக்குத்தான் அரைநாள் கூலி போகும்" என்றார்.

சந்தையில் என்ன நடக்கிறது?

அத்தையின் இந்த விடைக்குப் பின்னால் இருப்பது எங்கள் ஊர்க் கதை மட்டும் அன்று. வேரை நறுக்கிக் காயவைத்துவிட்டால் இலை இல்லை, செதில் இல்லை, காய் இல்லை. நாட்டு மருந்துக் கடையில் நாம் காண்பது பழுப்பு நிறத் துண்டுகள் மட்டுமே. பேராசிரியரே வந்தாலும் கண்ணால் பார்த்து இன்ன இனம் என்று சொல்ல இயலாது. மரபணுக் கூறுகளைக் கொண்டுதான் கண்டறிய முடியும்.

அத்தகைய ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. கார்டிஃபோலியா என்ற பெயரில் சந்தையில் விற்ற மாதிரிகளை ஆராய்ந்ததில், அவற்றுள் ஒன்றுகூட உண்மையான கார்டிஃபோலியாவாக இல்லை. 76 விழுக்காடு சைடாவின் பிற இனங்கள். அவற்றுள் அக்யூட்டா மட்டும் 36 விழுக்காடு, ஸ்பைனோசா 20 விழுக்காடு. எஞ்சிய 24 விழுக்காடு வேறு பேரினங்கள். துத்தி இனமும் அவற்றில் இருந்தது. இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தக் கூடிய எபெட்ரின் என்னும் வேதிப்பொருள், கார்டிஃபோலியாவின் வேரைக் காட்டிலும் அக்யூட்டாவில் ஆறு மடங்கு மிகுதி என்றும் அவ்வாய்வு எச்சரிக்கிறது. கஷாயம் குடிப்பவர் யாரோ ஒரு முதியவர் என்று எண்ணிப் பார்த்தால், காயில் துண்டுகளை எண்ணுவது வெறும் மதிப்பெண்ணுக்கான வேலை அன்று என்பது புலனாகும்.

நிறைந்த கட்டும் குறைந்த செடியும்

இன்னொரு செய்தியும் உண்டு. அதைத் தாள்களை அடுக்கிப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். ஏரிக்கரையில் ஒரு பருவம் முழுவதும் நான் குறித்த செடிகளில் அக்யூட்டாவே எங்கும் மிகுதி. கார்டிஃபோலியா ஐயனார் கோவில் மேட்டில் மட்டும் கொஞ்சம் இருந்தது. அத்தையிடம் கேட்டேன். "முன்னே கரை முழுக்க மயிர்மாணிக்கந்தான். காய் முத்துறதுக்கு முன்னாடியே எல்லாரும் வேரோட பிடுங்கினா அப்புறம் எப்படி முளைக்கும்?" என்றார்.

வேருக்காகப் பிடுங்கும் செடி மறுபடி தழைப்பதில்லை. விதை விழுந்தால்தான் அடுத்த ஆண்டு உண்டு. ஆயினும் இத்தனை ஆண்டுகளில் அத்தையின் கட்டு ஒருநாளும் சிறுத்ததில்லை. மயிர்மாணிக்கம் குறையக் குறைய அந்த இடத்தை அக்யூட்டா நிரப்பிவிட்டது. கட்டின் பெயர் குறுந்தொட்டி. எடை சரியாக இருக்கிறது. ஆகவே எதுவும் குறையவில்லை என்றே வாங்குபவரும் விற்பவரும் எண்ணிக்கொள்கிறார்கள். பல செடிகளை ஒரே பெயரால் அழைக்கும்வரை, அவற்றுள் ஒன்று மறைந்தாலும் கணக்கில் தெரியாது. இனம் பிரித்தறியும் கலை எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் விடை இதுவே: இருப்பதைத் தெரிந்துகொள்ள மட்டும் அன்று, இழப்பதைத் தெரிந்துகொள்ளவும்தான்.

அக்யூட்டாவின் மீது எனக்குப் பகை ஒன்றும் இல்லை. நடு அமெரிக்கப் பகுதியிலிருந்து உலகெங்கும் பரவியதாகக் கருதப்படும் இச்செடி வாசல் பெருக்கும் மாறாக எங்கள் வீட்டிலேயே பயன்படுகிறது. ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் மேய்ச்சல் நிலத்தைக் கெடுக்கும் களையாக இது பெருகியபோது, மெக்சிகோவிலிருந்து ஓர் இலைவண்டைக் கொண்டுவந்து 1989இல் விட்டார்கள். அந்த வண்டு பயிர்களைத் தொடாமல் சைடாவைத் தேடித் தின்னும் என்பதைச் சோதித்து அறிந்த பின்னரே விட்டார்கள். ஒரு வண்டு செய்யும் வேலையை நாம் செய்யக் கூடாதா?

ஒரு சிறு முயற்சி

அடுத்த முறை அத்தையும் நானும் ஒன்று செய்தோம். ஐயனார் மேட்டில் காய் முற்றி வெடிக்கும்வரை காத்திருந்து, முற்றிய காய்களை அங்கேயே உதிர்த்துவிட்டு, பாதிச் செடிகளை மட்டும் பிடுங்கினோம். இனத்துக்கு ஒரு கட்டாகக் கட்டி, ஒவ்வொரு கட்டிலும் காயோடு கூடிய ஒரு சிறு கிளையைச் செருகினோம். அந்தக் கிளைதான் கட்டின் பிறப்புச் சான்றிதழ்.

வழக்கமாக வாங்குபவர் கிளைகளை உருவி எறிந்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே தராசில் போட்டார். விலையும் பழைய விலையே. மயிர்மாணிக்கக் கட்டை மட்டும் அத்தை கொடுக்கவில்லை. பக்கத்து ஊரில் தைலம் காய்ச்சும் வைத்தியர் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் கிளையைக் கையில் வாங்கி, இலையைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்து, காயைப் பிதுக்கிக் கொம்பைப் பார்த்து, "இப்படிக் கொண்டு வந்தால் நான் எடுத்துக்கொள்கிறேன்" என்றார். கொஞ்சம் கூடுதலாகவும் கொடுத்தார். ஒரு கட்டுக்குக் கிடைத்த அந்தத் தொகை குடும்பத்தைத் தாங்கிவிடாது. ஆனால் அத்தையின் விரல்களுக்குத் தெரிந்த ஒன்றுக்கு முதன்முறையாக ஒருவர் விலை கொடுத்தார்.

நண்பர்களுக்கு

மாணவ நண்பர்களே! நம் விடுதியின் பின்புறத்தில் விளையாட்டுத் திடல் வேலியை ஒட்டி அக்யூட்டாவும் ஸ்பைனோசாவும் துத்தியும் இருக்கின்றன. தமிழ் படிப்பவர்களும் பொருளியல் படிப்பவர்களும்கூட வரலாம். எண்ணத் தெரிந்தால் போதும். முற்பகலில் வாருங்கள், பூ விரிந்திருக்கும். பூவைத் திருப்புங்கள், காயைப் பிரியுங்கள், எண்ணுங்கள். ஒன்றை எண்ணி நிறுத்திவிடாமல் பத்தை எண்ணுங்கள். உங்கள் ஊரில் அதற்கு என்ன பெயர் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி வாருங்கள். அந்தப் பெயர்களுக்காக எங்கள் துறையில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். அதில் இதுவரை பதினொரு பக்கங்கள் நிறைந்துள்ளன. முதற் பக்கத்தில் முதல் வரி மயிர்மாணிக்கம். சொன்னவர் என்ற இடத்தில் என் அத்தை தம் கையாலேயே கையெழுத்திட்டிருக்கிறார்.